இன்ஜின் ஓடுது... ஆனா இழுக்கல! விசைப்படகின் வேகம் குறைந்தால் கோளாறை எங்கிருந்து தேடணும்?

தடைக்காலம் முடிந்து முதல் நாள். ஐஸ் ஏற்றியாச்சு, டீசல் நிரப்பியாச்சு, வலையும் புதுசு. ஜெட்டியில் ஸ்டார்ட் போட்டால் ஒரே அடியில் பிடிக்கிறது. ஆக்சிலேட்டரைக் கூட்டினால் நன்றாகவே உறுமுகிறது. துறைமுக வாயைத் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. வலையை இறக்கி இழுக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது, ஏப்ரல் மாதம் வரை 1,700 சுற்றில் இழுத்த இன்ஜின் இப்போது 1,450-ஐத் தாண்ட மறுக்கிறது.

"ஓடுது, ஆனா இழுக்க மாட்டேங்குது" என்பது காசிமேடு முதல் ராமேஸ்வரம், தூத்துக்குடி வரை படகு மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன புகார். ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜினைக்கூட எளிதில் சரிசெய்துவிடலாம், அதன் கோளாறு ஒரே இடத்தில் இருக்கும். ஓடிக்கொண்டே சக்தி குறையும் இன்ஜின் அப்படியில்லை. டீசல் டேங்கின் மூடியிலிருந்து தண்ணீருக்கு அடியில் சுழலும் புரொப்பல்லரின் நுனி வரை, காரணம் எங்கே வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம்.

அதனால்தான் பல படகுகளில் முதல் நாளே டீசல் பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பம்ப் சர்வீஸ் முடிந்து, பெரிய பில்லும் கட்டி, மறுபடி கடலுக்குப் போனால் அதே 1,450. கடைசியில் பார்த்தால் 100 ரூபாய்க்குக்கூடப் பெறாத ஒரு ஹோஸ் உள்ளுக்குள் பிரிந்து கிடந்திருக்கும்.

ஒரு நாள் போனால் என்ன?

ஒரு விசைப்படகு டீசல் இன்ஜின், உற்பத்தி செய்யும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் மணிக்குச் சுமார் 200 மில்லி டீசல் குடிக்கும். 120 குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு 24 லிட்டர். 40 கடல் மைல் போக 8 நாட் வேகத்தில் 5 மணி நேரம் ஆகும். அதே படகு 6.5 நாட்டில் போனால் 6 மணி நேரத்துக்கு மேல். போக ஒரு மணி, வர ஒரு மணி. டீசலும் கூடுதல், ஐஸும் கரைகிறது, ஏலத்துக்கு வந்து சேரும் நேரமும் தள்ளிப்போகிறது.

ராமேஸ்வரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போக முடியும். ஒரு நாள் வீணானால் அந்த வார வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. பாக் நீரிணையில் காசைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. சர்வதேச கடல் எல்லை அங்கே கூப்பிடு தூரத்தில்தான். இன்ஜின் முற்றிலும் நின்றுவிட்ட படகை மணிக்கு ஒரு நாட் நீரோட்டம் தள்ளினாலே 6 மணி நேரத்தில் 11 கிலோமீட்டர் நகர்த்திவிடும். அது எந்தத் திசையில் என்பது படகில் இருப்பவர்கள் கையில் இல்லை. சக்தி குறைவது பெரும்பாலும் இன்ஜின் நிற்கப்போவதற்கு முன்பு கிடைக்கும் எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் 'இந்த டிரிப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்' என்பதில்தான் ஆபத்து.

61 நாள் ஓய்வு இன்ஜினுக்கு நல்லதல்லவா?

இல்லை என்பதுதான் விந்தை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை. (2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது.) கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்கள் பெருக இந்த ஓய்வு தேவை. ஆனால் சும்மா நிற்பது டீசல் இன்ஜினுக்குப் பிடிக்காது.

அரை டேங்க் டீசலோடு படகை நிறுத்திவிட்டால், மீதி அரை டேங்கில் இருப்பது காற்று. பகல் வெயிலில் சூடாகி, இரவில் குளிரும்போது அந்தக் காற்றில் உள்ள ஈரம் டேங்கின் சுவரில் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் இறங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் கீழே தங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தக் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறி, கறுப்பாக, வழவழப்பாக ஒரு சளி உருவாகும். படகு துறைமுகத்தில் அசையாமல் நிற்கும்வரை அது அடியிலேயே கிடக்கும். முதல் நாள் கடலில் அலை அடித்து டேங்க் குலுங்கியதும் கலங்கி எழுந்து நேரே ஃபில்டருக்கு வந்து சேரும். ஜெட்டியில் நன்றாக ஓடிய இன்ஜின் கடலில் மூச்சு வாங்குவதற்கு இதைவிட நேரடியான விளக்கம் தேவையில்லை.

இன்னொரு பக்கம், படகைக் கரையேற்றாமல் தண்ணீரிலேயே விட்டிருந்தால், அடிப்பகுதியிலும் புரொப்பல்லரிலும் பாசி, சிப்பி, கொட்டலசு எல்லாம் ஒட்டி வளர்ந்திருக்கும். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்து அப்படியே இறுகிப்போயிருக்கும். டேங்கின் காற்றுக் குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். சிரிப்பு வரலாம், ஆனால் காற்றுப் போக வழியில்லாத டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுவது, மூடிய பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு இழுப்பது போலத்தான். கொஞ்ச நேரம் வரும், பிறகு வராது.

முதல் கேள்வி: சக்தி குறைந்ததா, சுமை கூடியதா?

ஸ்பேனரைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இன்ஜின் தன் சக்தியை இழந்திருந்தாலும் சுற்று இறங்கும். இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, அதன் தலையில் சுமை கூடியிருந்தாலும் சுற்று இறங்கும். வீல்ஹவுஸில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

ஜெட்டியில் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்வது வழக்கம். அந்தச் சோதனையில் ஒரே ஒரு பயன்தான் உண்டு. நியூட்ரலிலேயே உச்சச் சுற்று வரவில்லை என்றால் கேபிளிலோ எரிபொருளிலோ பெரிய கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். வந்துவிட்டது என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை. சுமையே இல்லாமல் சுற்ற இன்ஜினுக்குத் தேவைப்படும் டீசல் மிகக் கொஞ்சம். பாதி அடைத்த ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும்.

உண்மையான சோதனை கடலில், கியர் போட்டு, முழு ஆக்சிலேட்டரில். அப்போது சுற்று எவ்வளவு, ஜிபிஎஸ் காட்டும் வேகம் எவ்வளவு, புகை என்ன நிறம் என்று மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேல் தேடல் இந்த மூன்றிலேயே முடிந்துவிடும்.

சுற்று குறைந்து, கரும்புகை கொட்டினால் டீசல் தாராளமாக வருகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை, அல்லது இன்ஜின் தாங்க முடியாத சுமையை இழுக்கிறது. சுற்று குறைந்து, புகையே இல்லாமல் 'சுத்தமாக' ஓடினால் டீசல் போய்ச் சேரவில்லை. புகை இல்லையே என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் அல்ல அது. சுற்று சரியாக, ஏன், வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தும் வேகம் மட்டும் குறைந்தால் இன்ஜினை விட்டுவிட்டு கியர்பாக்ஸையும் புரொப்பல்லரையும் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகையும் நீலப் புகையும் வேறு கதை. காலையில் குளிர்ந்த இன்ஜினில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, இன்ஜெக்டர், டைமிங், கம்ப்ரஷன் ஆகியவற்றில் ஒன்றில் சிக்கல். கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது.

முன்னெச்சரிக்கையாக ஒன்று. மீட்டர் காட்டும் சுற்று சரிதானா? உப்புக் காற்றில் பழசான மீட்டர்கள் 100, 200 சுற்று தவறாகக் காட்டுவது சாதாரணம். ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கையடக்க டாக்கோமீட்டரால் புல்லியில் நேரடியாக அளந்துவிட்டால் இல்லாத கோளாறைத் தேடி அலைய வேண்டாம். அதோடு, ஒருவர் வீல்ஹவுஸில் ஆக்சிலேட்டரை முழுதாகத் தள்ள, இன்னொருவர் இன்ஜின் ரூமில் பம்பின் லீவரைப் பார்க்க வேண்டும். லீவர் கடைசித் தடுப்பைத் தொடுகிறதா? கேபிள் நீண்டுபோயிருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ, மேலே முழுதாகத் தள்ளியும் கீழே முக்கால்தான் திறந்திருக்கும். இன்ஜினை நிறுத்தும் லீவர் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றாலும் இதே விளைவுதான். காசு செலவில்லாத சோதனை இது, ஆனால் பலரும் கடைசியில்தான் செய்கிறார்கள்.

டீசல் பாதை: சிந்தாத ஓட்டை

டேங்கிலிருந்து தண்ணீர் பிரிக்கும் முதல் ஃபில்டர், அங்கிருந்து ஃபீட் பம்ப், அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு இன்ஜெக்ஷன் பம்ப், கடைசியாக இன்ஜெக்டர்கள். இதுதான் டீசல் போகும் வழி. ஃபீட் பம்புக்குப் பின்னால் டீசல் அழுத்தத்தில் இருக்கிறது, ஓட்டை இருந்தால் வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். பம்புக்கு முன்னால் அது உறிஞ்சப்படுகிறது. அங்கே ஒரு ஓட்டை இருந்தால் டீசல் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வெளியில் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும், உள்ளே நுரையும் குமிழியுமாக டீசல் போய்க்கொண்டிருக்கும். 'லீக் எதுவும் இல்லையே' என்று ஏமாறும் இடம் இதுதான். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழி கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஃபில்டரை மாற்றினால் போதுமே என்று தோன்றலாம். மாற்றத்தான் வேண்டும், ஆனால் பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடாமல் அதன் அடியில் தேங்கியதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பிரிந்து நிற்கிறதா, கறுப்புச் சளி இருக்கிறதா, துருத்தூளா? டேங்குக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்த ஒரு டம்ளர் சொல்லிவிடும். சளி என்றால் ஃபில்டர் மாற்றியதோடு கதை முடியாது. டேங்கைக் காலி செய்து கழுவாதவரை புது ஃபில்டரும் சில மணி நேரத்தில் அடைக்கும்.

ஒரு குறிப்பிட்ட அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முழுச் சுமையில் அரை மணி நேரம் நன்றாக இழுக்கிறது, பிறகு மெல்ல மெல்லச் சுற்று இறங்குகிறது. நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி அரை மணி நேரம் ஓகே. மெக்கானிக்கைப் பைத்தியம் பிடிக்க வைக்கும் கோளாறு இது. கரைக்கு வந்து காட்டும்போது எல்லாமே சரியாக இருக்கும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். டேங்கின் காற்றுக் குழாய் அடைபட்டு உள்ளே வெற்றிடம் உருவாகிறது. அல்லது டேங்குக்குள் மிதக்கும் துணித்துண்டோ பிளாஸ்டிக்கோ உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது, இன்ஜின் நின்றதும் விழுந்துவிடுகிறது. அல்லது ரப்பர் ஹோஸின் உள்தோல் பிரிந்து, இழுவை கூடும்போது கதவு போல மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம்புதுசாகத்தான் தெரியும். காற்றுக் குழாய்தானா என்று அறிய, சுற்று இறங்கும் நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்துவிட்டுப் பார்த்தால் போதும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் ஆளைப் பிடித்தாச்சு.

இவை அனைத்தையும் ஒரே அடியில் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. சுத்தமான 20 லிட்டர் கேனில் நல்ல டீசலை நிரப்பி, புது ஹோஸ் மூலம் நேரடியாக ஃபீட் பம்புக்குக் கொடுப்பது. டீசல் திரும்பும் குழாயையும் அந்தக் கேனிலேயே விட்டுவிட வேண்டும். கேனை நகராமல் கட்டி வைத்து, துறைமுகத்துக்கு வெளியே சிறிது தூரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கலாம். சுற்று பழையபடி ஏறினால் குற்றவாளி டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்தான் இருக்கிறார். ஏறவில்லை என்றால் டேங்க், குழாய், முதல் ஃபில்டர் எல்லாம் நிரபராதி. பம்பைக் கழற்றும் முன் இந்த 20 லிட்டர் சோதனையைச் செய்யாதது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்காமலேயே அறுவை சிகிச்சைக்குப் போவது போலத்தான்.

காற்றுக்கும் பசி உண்டு

ஆறு லிட்டர் கொள்ளளவு கொண்ட நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்கு நெருக்கமான காற்றை உள்ளே இழுக்கிறது. 2,000 சுற்றில் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 லிட்டர். டர்போ இருந்தால் அதைவிட அதிகம். லாரியில் இது பிரச்சினையே இல்லை, முன்னால் திறந்த வெளி. விசைப்படகில் பயன்படுத்தும் இன்ஜின்களில் பல, லாரி இன்ஜின்களின் கடல் வடிவங்கள்தான். ஆனால் அவை வாழ்வது மூடிய மரப்பெட்டிக்குள். மழை, அலை, தண்ணீர் வருகிறது என்று தார்ப்பாய் போட்டு இன்ஜின் ரூமின் காற்றுத் திறப்புகளை மூடிவைத்தால், இன்ஜின் மூச்சுத் திணறுகிறது. உள்ளே வெப்பமும் ஏறுகிறது. 30 டிகிரியில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறையும். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் 9 சதவீதம் ஆக்சிஜன் கம்மி.

சோதனை ரொம்ப எளிது. முழுச் சுமையில், கரும்புகையோடு ஓடும்போது இன்ஜின் ரூம் மூடியைத் திறந்துவிட வேண்டும். சுற்று 50, 100 கூடிப் புகை குறைந்தால் காற்றுப் பற்றாக்குறை உறுதி. ஏர் ஃபில்டரும் இதே கணக்கில்தான் வரும். டர்போ உள்ள இன்ஜின் என்றால் டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா, கடல்நீரால் குளிரூட்டப்படும் ஏர் கூலர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சருக்குள் கரி அடைத்து, புகை வெளியேறத் திணறினாலும் புதுக் காற்று உள்ளே வராது.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் கணக்கு

கேன் சோதனையிலும் மாற்றமில்லை, மூடியைத் திறந்தும் பயனில்லை, கரும்புகை மட்டும் நிற்கவில்லை என்றால் சுமையைச் சந்தேகிக்கும் நேரம் வந்துவிட்டது.

புரொப்பல்லரைச் சுழற்றத் தேவையான சக்தி, சுற்றின் கன மடங்கில் கூடுகிறது. சுற்றை 10 சதவீதம் கூட்ட 33 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். திருப்பிப் பார்த்தால், சுற்றை 10 சதவீதம் குறைத்தாலே தேவையான சக்தி 27 சதவீதம் இறங்கிவிடும். (டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர்கள் சுற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவதன் பின்னால் இருக்கும் கணக்கும் இதுதான்.) கன மடங்கு விதியின்படி உச்சச் சுற்றுக்குப் பக்கத்தில் இன்ஜினிடம் உபரி சக்தி ஏறக்குறைய இருக்காது. அப்போது அடிப்பகுதியில் ஒட்டிய சிப்பி, புரொப்பல்லரில் சுற்றிய நைலான் கயிறு, வளைந்த ஒரு இதழ் என்று சின்ன விஷயம் சேர்ந்தாலும் சுற்று விழுந்துவிடும்.

புரொப்பல்லரின் நழுவலைக் கணக்கிட பள்ளிக்கூடக் கணிதம் போதும். இன்ஜின் 1,800 சுற்று, கியர் விகிதம் மூன்றுக்கு ஒன்று என்றால் ஷாஃப்ட் 600 சுற்று. புரொப்பல்லரின் பிட்ச் 24 அங்குலம், அதாவது ஒரு சுற்றுக்கு 2 அடி. நிமிடத்துக்கு 1,200 அடி, மணிக்கு 72,000 அடி. ஒரு கடல் மைல் 6,076 அடி. ஆக, நழுவலே இல்லாவிட்டால் வேகம் கிட்டத்தட்ட 11.8 நாட் வர வேண்டும். ஜிபிஎஸ் 8 நாட் காட்டினால் நழுவல் 32 சதவீதம். கனமான மீன்பிடிப் படகுக்கு இது அதிர்ச்சி தரும் எண் அல்ல. ஆனால் போன வருஷம் 32 ஆக இருந்தது இந்த வருஷம் 42 ஆகியிருந்தால் குறை அடியிலோ புரொப்பல்லரிலோதான் இருக்கிறது, இன்ஜினில் இல்லை. நீரோட்டம் கணக்கைக் கெடுக்கும் என்பதால் போகும் திசையிலும் எதிர்த் திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும்.

தடைக்காலத்தில் புரொப்பல்லரை மாற்றியிருந்தாலோ, பக்கத்துப் படகிலிருந்து கடன் வாங்கிப் போட்டிருந்தாலோ சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். விட்டம் சரியாக இருந்தும் பிட்ச் 2 அங்குலம் கூடியிருந்தால் போதும், இன்ஜின் எப்போதும் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறும் லாரி மாதிரி திணறிக்கொண்டே இருக்கும். பல வருடப் பழுதுபார்ப்பில் படகின் எடை கூடியதும் கணக்கில் வரும். புதுப் பலகை, கூடுதல் ஐஸ் பெட்டி, பெரிய வின்ச், பெரிய டேங்க் என்று சேர்ந்துகொண்டே போனால் பழைய புரொப்பல்லர் அந்தப் படகுக்குப் பொருந்தாது.

கியர்பாக்ஸ் கிளட்ச் நழுவினால் அறிகுறி தலைகீழாக இருக்கும். சுற்று ஏறும், படகு ஏறாது, கியர் ஆயில் கருகிய வாசனை வரும். ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லாவிட்டாலும், கிளாண்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும் சக்தி அங்கேயே வெப்பமாக வீணாகும், கையை அருகில் கொண்டு போனாலே சூடு தெரியும். கரையில் ஏற்றி நிறுத்தியபோது சரிபார்த்த ஷாஃப்ட் நேர்கோடு, படகு மிதக்கத் தொடங்கியதும் மாறிவிடும். மரப்படகில் இது இன்னும் அதிகம். மிதக்கவிட்டு ஒரு நாள் கழித்துக் கப்ளிங்கில் மறுபடி அளக்க வேண்டும்.

பம்ப் கடைசியில்தான்

இத்தனையும் தாண்டிய பிறகே இன்ஜெக்டர், இன்ஜெக்ஷன் பம்ப், கம்ப்ரஷன் என்று உள்ளே போக வேண்டும். பழைய வகைப் பம்ப் உள்ள இன்ஜின்களில், ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் உடனே தடுமாறும். எந்தச் சிலிண்டரில் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இதை அனுபவமுள்ளவர்கள்தான் செய்ய வேண்டும். பழைய இன்ஜெக்டர்களிலேயே டீசல் சுமார் 200 பார் அழுத்தத்தில் பீய்ச்சும். நுண்ணிய பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போனால் கையையே இழக்க நேரிடும், வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. 1,000 பாருக்கு மேல் அழுத்தம் கொண்ட புதிய காமன் ரெயில் இன்ஜின்களில் இந்தச் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, ஆயிலும் குறைகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ரிங், லைனர் தேய்ந்துவிட்டது. அதற்கு ஓவர்ஹால்தான் வழி, குறுக்குவழி இல்லை.

குறுக்குவழி என்று நினைத்துப் பலர் செய்வது ஒன்று உண்டு. பம்பின் சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டுவது. "கொஞ்சம் திறந்து விட்டா நல்லா இழுக்கும்ணே" என்பார்கள். முதல் இரண்டு டிரிப் இழுக்கவும் செய்யும். காற்று போதாத இன்ஜினில் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகையும் வெப்பமும்தான் கூடும். அந்த வெப்பம் நேரே பிஸ்டனின் தலையில் இறங்கும். பிஸ்டன் உருகி லைனரோடு ஒட்டிக்கொள்வது, நடுக்கடலில், வலை இறங்கியிருக்கும்போதுதான் நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் சுமை அதிகம்.

பெரிய இன்ஜினே போட்டுவிடலாமா?

சட்டம் ஒரு பக்கம். தமிழ்நாட்டில் விசைப்படகு இன்ஜின் 240 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது என்று மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. இயற்பியல் இன்னொரு பக்கம். தண்ணீரைப் பிளந்து போகும் கனமான படகுக்கு, அதன் நீர்க்கோட்டு நீளம் ஒரு வேக வரம்பைப் போட்டுவிடுகிறது. நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் வருவது அந்த வேகம். 50 அடிக்குச் சுமார் 9.5 நாட். அதை நெருங்கியதும் படகு தானே எழுப்பும் அலையின் மேட்டில் ஏற முயன்றுகொண்டே இருக்கும், கூடுதல் குதிரைத்திறன் எல்லாம் அந்த அலையைப் பெரிதாக்குவதிலேயே போகும். டீசல் இரட்டிப்பாகும், வேகம் அரை நாட் கூடினால் அதிகம்.

ஜூன் 14-க்கு முன் ஒரு சோதனை ஓட்டம்

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண்கள் இல்லாவிட்டால் எந்தச் சோதனையும் பாதிதான். 'முன்னாடி நல்லா இழுத்துச்சு' என்பது அளவு அல்ல. அடியைச் சுத்தம் செய்து, ஃபில்டர் மாற்றி, எல்லாம் சரியாக இருக்கும் நாளில், முழு ஆக்சிலேட்டரில் சுற்று, வேகம், தண்ணீர் வெப்பம், ஆயில் அழுத்தம் ஆகிய நான்கையும் பெயின்ட்டால் வீல்ஹவுஸ் சுவரிலேயே எழுதி வைக்கலாம். சில படகுகளில் டிரைவர்கள் ஆயில் மாற்றிய தேதியை அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி.

கடலில் இருக்கும்போது சுற்று இறங்கத் தொடங்கினால் வலையை ஏற்றிவிட்டு, தண்ணீர் வெப்பத்தையும் ஆயில் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஃபில்டரின் அடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, குறைந்த சுற்றில் கரை திரும்பலாம். ஆயில் அழுத்தம் விழுந்தாலோ, வெப்பம் ஏறிக்கொண்டே போனாலோ இன்ஜினை நிறுத்தி, நங்கூரத்தை இறக்கி, விஎச்எஃப் கருவியில் பக்கத்துப் படகுகளைக் கூப்பிட வேண்டும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. ஆழம் அதிகமாகி நங்கூரம் தரை பிடிக்காத இடம் என்றால், படகு நகரும் திசையையும் ஜிபிஎஸ் அளவையும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தேடி வருபவர்கள் போய்ப் பார்க்க வேண்டியது இன்ஜின் நின்ற இடத்தை அல்ல, படகு அப்போது இருக்கும் இடத்தை.